சைகையால் வாசிக்கும் மின்னணு இசைக்கருவி: வடிவமைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காற்றில் கையை அசைத்தால் ஏதோ ஓர் ஒலி வரும் பெட்டியைச் செய்ய ஒரு வார இறுதி போதும். அதே பெட்டியை ஒரு வருடம் சலிக்காமல் வாசிக்கும்படி செய்வதுதான் கஷ்டம். இங்கே உள்ள பதில்கள் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியவை. புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையும், நானே முதல் கருவியைக் கட்டும்போது விடை தெரியாமல் தடுமாறியவையும் இதில் இருக்கின்றன.

சைகைக் கருவி என்றால் எதையுமே தொடாமல் வாசிப்பதா?

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. வயலினில் வில் போடுவதும் சைகைதான், மத்தளத்தில் விரல் விழுவதும் சைகைதான். அங்கே கையின் அசைவே கம்பியையோ தோலையோ அதிர வைக்கிறது. மின்னணுக் கருவியில் அசைவை ஒரு சென்சார் எண்ணாக மாற்றுகிறது. அந்த எண் ஒலியை உண்டாக்கும் பகுதிக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் எந்த அசைவு எந்த ஒலியாக மாற வேண்டும் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை, நாம்தான் தீர்மானிக்கிறோம். இந்த நடுப்பகுதிக்கு மேப்பிங் என்று பெயர். கருவியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கையில் பிடிக்கும் குச்சி, கையுறை, கேமரா முன் ஆடும் உடல், இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவில் மிதக்கும் விரல்கள் என எல்லாமே இந்த வகையில் அடங்கும்.

இதற்கெல்லாம் முன்னோடி தெரமின்தானா? அது எப்படி வேலை செய்கிறது?

ஆமாம். தொடாமலேயே வாசிக்கும் அந்தக் கருவியைப் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 1920 வாக்கில் லெவ் தெர்மின் என்ற இயற்பியலாளர் கண்டுபிடித்தார். 1928-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நூறாண்டு கடந்தும் அதிலிருந்து கற்க வேண்டியது நிறைய இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே இரண்டு ஆஸிலேட்டர்கள், அதாவது மின் அதிர்வை உண்டாக்கும் சுற்றுகள், இருக்கும். இரண்டுமே நம் காதுக்கு எட்டாத உயரத்தில், சில நூறு கிலோஹெர்ட்ஸில் ஓடும். ஒன்று மாறாமல் 3,00,000 ஹெர்ட்ஸில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று செங்குத்தான ஆன்டெனாவோடு இணைந்தது. ஆன்டெனா அருகே கை வரும்போது கையும் ஆன்டெனாவும் சேர்ந்து ஒரு சின்ன மின்தேக்கியைப் போல ஆகின்றன. மின்தேக்கம் கூடக்கூட அந்த ஆஸிலேட்டரின் அதிர்வெண் இறங்கும். அது 2,99,560-க்கு இறங்கினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 440 ஹெர்ட்ஸ். நாம் கேட்பது அந்த வித்தியாசத்தைத்தான். வளையமாக இருக்கும் இரண்டாவது ஆன்டெனா ஒலி அளவைக் கவனித்துக்கொள்கிறது: அதன் அருகே இடது கை இறங்கினால் ஒலி அடங்கும், உயர்ந்தால் பெருகும்.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த இடது கையை. ஒரு கை முழுவதையும் ஒலியை அடக்கவும் விடவும் ஒதுக்கியிருக்கிறார் தெர்மின். சுருதிக்கு ஒரு கை, மௌனத்துக்கு ஒரு கை. இந்தக் கருவியை இசைக் கச்சேரிக்கு உரியதாக உயர்த்திய கிளாரா ராக்மோர் (1911–1998) முதலில் வயலின் கலைஞர். வலது கை விரல்களைக் குவித்தும் விரித்தும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு விரல் நிலை வகுத்துக்கொண்டார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு கை தாவும் அந்த நொடித்துளியில் இடது கை ஒலியை அடக்கிவிடும். அதனால்தான் அவர் வாசிப்பில் தேவையற்ற வழுக்கல் கேட்பதில்லை.

எந்த சென்சாரை வாங்கித் தொடங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று, உங்களுக்கு வேண்டிய ஒலியை வாயால் எழுப்பிக்கொண்டே கையை அசைத்துப் பாருங்கள். "ஊ" என்று இழுக்கும்போது கை எங்கே போகிறது? "டக்" என்று வெட்டும்போது மணிக்கட்டு என்ன செய்கிறது? ஒலி தேயும்போது விரல்கள் மூடுகின்றனவா, தோள் தளர்கிறதா? கைபேசியில் பத்து நிமிடம் படம் பிடித்துவிட்டு, ஒலியை அணைத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் பார்த்தாலும் "இந்த இடத்தில் ஒலி பெரிதாக இருந்திருக்கும்" என்று சொல்ல முடிகிற அசைவுகள் மூன்றோ நான்கோ தேறும். கருவிக்கு அவை போதும்.

சென்சாரை முதலில் வாங்குபவர்களுக்கு நேர்வது இதுதான்: அந்த சென்சார் எதை அளக்கிறதோ அதுவே சைகையாகிவிடும். தூரம் அளக்கும் சென்சார் வாங்கினால், கையை மேலும் கீழும் ஆட்டுவதே கருவி. நான் முதலில் செய்த கருவி அப்படிப்பட்டதுதான். இரண்டே நாளில் அதில் வாசிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

சரி, அசைவுகள் முடிவாகிவிட்டன. இப்போது எதை வாங்குவது?

சுழற்சி, சாய்வு, வீச்சு இவைதான் உங்கள் அசைவுகள் என்றால் முடுக்கமானியும் ஜைரோவும் ஒரே சில்லில் உள்ள இயக்க சென்சார் பொருத்தம். முடுக்கமானி புவியீர்ப்பையும் சேர்த்தே அளக்கும் என்பதை மறக்கக் கூடாது. கை அசையாமல் இருந்தாலும் அது சுமார் 9.8 மீட்டர்/நொடி² காட்டும். அதை வைத்துத்தான் சாய்வைக் கணக்கிடுகிறோம். ஆனால் கை வேகமாக வீசும்போது புவியீர்ப்பு எது, வீச்சு எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. ஜைரோ சுழலும் வேகத்தை அளக்கும்; அந்த வேகத்தைக் கூட்டிக் கோணம் கண்டுபிடித்தால் சிறுகச் சிறுகப் பிழை சேர்ந்து, சில நிமிடங்களில் கோணம் எங்கோ நகர்ந்திருக்கும். ஒன்றின் குறையை மற்றொன்றால் சரிக்கட்ட வேண்டும். குறுகிய நேரத்துக்கு ஜைரோவை நம்பி, நீண்ட நேரத்துக்கு முடுக்கமானியை நம்பும் எளிய கலவை ஃபில்டர் (எண்களைச் சீராக்கும் கணக்கு) பெரும்பாலான கருவிகளுக்குப் போதும்.

இந்த சென்சாரால் கை எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. முடுக்கத்தை இரண்டு முறை கூட்டினால் இடம் வரும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் சில நொடிகளில் கை பல மீட்டர் தள்ளிப் பறந்துவிட்டதாக எண்கள் காட்டும். இடம் வேண்டுமென்றால் வேறு வழி தேடுங்கள்.

மீயொலி தூர சென்சார் விலை குறைவு, இணைக்கவும் சுலபம் என்பதால் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். சாதாரண வகைகளில் ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 60 மில்லிநொடி இடைவெளி விடச் சொல்லி தயாரிப்பாளர்களே பரிந்துரைக்கிறார்கள். அப்படியென்றால் நொடிக்குப் பதினாறு எண்கள்தான். துணியும் வளைந்த உள்ளங்கையும் எதிரொலியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதைவிட அகச்சிவப்பு லேசர் துடிப்பு போய்வரும் நேரத்தை அளக்கும் சில்லுகள் பல மடங்கு நம்பகமானவை. கேமரா எதை வேண்டுமானாலும் பார்க்கும், ஆனால் நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கே 33 மில்லிநொடி. மெதுவாக மாறும் தொனிக்கு அது சரி. தட்டுவது போன்ற அசைவுக்கு உதவாது.

விரல்களை மடக்குவதை அளக்க வளைவு சென்சார்கள் உண்டு. வேறு வழியும் உண்டு. ஒலிக் கலைஞர் லெட்டீசியா சொனாமி 1991-இல் செய்த முதல் கையுறை, சமையலறையில் பாத்திரம் கழுவப் போடும் ரப்பர் உறை. விரல் நுனிகளில் காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார்கள், மறு கையில் ஒரு காந்தம், அவ்வளவுதான். அளக்க வேண்டியது என்ன என்று தெளிவாகத் தெரிந்தால் பாகங்கள் எளிமையாக இருக்கலாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், எந்தக் கருவியிலும் தொடு உணர்வுள்ள ஒரு இடம் வையுங்கள் என்பேன். கட்டைவிரலுக்கு அடியில் ஓர் அழுத்த சென்சார் இருந்தாலே போதும். காற்றில் கைக்குப் பிடிமானம் கிடையாது. விரல் நுனிக்கு எதிர்த்துத் தள்ளும் ஒரு பொருள் கிடைத்ததும் கட்டுப்பாடு எவ்வளவு நுணுக்கமாகிறது என்பதை வாசித்துப் பார்த்தால்தான் புரியும்.

கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் எண்கள் நடுங்குகின்றன. என்ன செய்வது?

பாதி நடுக்கம் சென்சாருடையது, பாதி உங்களுடையது. ஆரோக்கியமான கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்ணிய நடுக்கம் எப்போதும் இருக்கும். எல்லோரும் முதலில் கையிலெடுப்பது சராசரி: கடைசி 20 எண்களின் சராசரியை எடுத்தால் கோடு வழவழப்பாகிவிடும். ஆனால் நொடிக்கு 100 எண்கள் வரும் சென்சாரில் அது ஏறத்தாழ 95 மில்லிநொடி தாமதத்தைக் கொண்டுவரும். கருவி சேற்றில் நடப்பது போல இருக்கும்.

கை மெதுவாக நகரும்போது நடுக்கம் உறுத்தும், தாமதம் தெரியாது. வேகமாக நகரும்போது தாமதம் உறுத்தும், நடுக்கம் தெரியாது. எனவே வேகத்தைப் பார்த்துத் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஃபில்டர் வேண்டும். 2012-இல் கெரி காசியேவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட 'ஒரு யூரோ ஃபில்டர்' இதைத்தான் செய்கிறது. சில வரி நிரல், சரிசெய்ய இரண்டே எண்கள். ஒரு அறிவுரை: அதை ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டே சரிசெய்யுங்கள், திரையில் கோட்டைப் பார்த்துச் செய்யாதீர்கள். கண்ணுக்கு அழகான கோடு காதுக்குச் செத்துப்போனதாக இருக்கும்.

மேப்பிங்கை எப்படி அமைப்பது? ஒரு சென்சாருக்கு ஓர் ஒலிப் பண்பு என்று வைத்தால் போதாதா?

போதாது. உயரம் சுருதி, சாய்வு ஒலி அளவு, அழுத்தம் தொனி என்று தனித்தனியாகக் கோடு போட்டால் முதல் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் புரியும். பதினோராவது நிமிடத்தில் அலுத்துவிடும். புல்லாங்குழலில் ஊதும் பலத்தைக் கூட்டினால் ஒலி அளவு மட்டும் கூடுவதில்லை. தொனி பிரகாசமாகிறது, சுருதி லேசாக உயர்கிறது, ஒரு எல்லைக்கு மேல் ஸ்தாயியே தாவுகிறது. ஒரு செயல் பல பண்புகளை அசைக்கிறது. அதேபோல ஒரு பண்பைப் பல செயல்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இந்தப் பின்னல்தான் ஒரு கருவியை வருடக்கணக்கில் கற்கத் தகுந்ததாக்குகிறது.

ஆண்டி ஹன்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஒலியை மூன்று விதமாகக் கட்டுப்படுத்தச் செய்தார்கள்: திரையில் உள்ள ஸ்லைடர்கள், கையால் நகர்த்தும் ஸ்லைடர்கள், மவுஸும் ஸ்லைடர்களும் சேர்ந்து பின்னிக்கொண்ட ஒரு முறை. மூன்றாவதில் ஒலி அளவு மவுஸ் நகரும் வேகத்தையும் பொத்தான் அழுத்தத்தையும் ஸ்லைடர்களின் நிலையையும் சேர்த்துப் பிறக்கும். தொடக்கத்தில் அது குழப்பியது. பழகப் பழக, சிக்கலான ஒலி நகர்வுகளில் அந்த முறையே முன்னுக்கு வந்தது.

அதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் வேகம். மவுஸ் நகர்ந்தால்தான் ஒலி. நின்றால் இல்லை. வில் நகர்ந்தால்தான் வயலின் பாடும் என்பதும் இதுவே. நான் இப்போது வாசிக்கும் கருவி முழங்கை நீளமுள்ள ஒரு குச்சி. உள்ளே ஓர் இயக்க சென்சார், கட்டைவிரல் படும் இடத்தில் ஓர் அழுத்தப் பட்டை. குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஸ்தாயியைச் சொல்லும். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது ஒரு கற்பனைத் தொட்டியில் நீர் ஊற்றுவது போல ஆற்றலைச் சேர்க்கும். தொட்டியில் ஓட்டை இருக்கிறது, ஆற்றல் தானாகவே வடியும். ஒலி அளவும் தொனியின் பிரகாசமும் தொட்டியின் மட்டத்தைப் பின்பற்றும். கட்டைவிரலை அழுத்தினால் ஓட்டை சிறுத்து ஒலி நீளும். விட்டால் பெரிதாகி ஒலி சட்டென்று வடியும். நிரலில் இது மூன்று வரிதான்: புதிய மட்டம் என்பது பழைய மட்டத்தை 0.95 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, அதோடு வேகத்தின் ஒரு பங்கைக் கூட்டுவது. அந்த 0.95-ஐ கட்டைவிரல் 0.999 வரை நகர்த்தும். இந்த மூன்று வரியைச் சேர்த்த அன்று இரவுதான் அந்தக் குச்சி எனக்கு முதன்முதலில் கருவியாகத் தெரிந்தது. அதற்கு முன் எட்டு மாதம் ஸ்விட்சுகளும் வரைபடங்களும் நிறைந்த ரிமோட்டாக இருந்தது.

கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காது மடக்கை முறையில் கேட்கிறது. கையின் நகர்வை அப்படியே ஹெர்ட்ஸாக மாற்றினால் கீழ் ஸ்தாயி முழுவதும் ஒரு சின்ன மூலையில் நெருக்கிக்கொண்டிருக்கும். சம தூரத்துக்குச் சம இடைவெளி வர வேண்டுமென்றால் அடுக்குச் சார்பு போடுங்கள். ஒலி அளவுக்கும் அப்படியே.

ஒலி நிற்கவே மாட்டேன் என்கிறது. கையைக் கீழே போட்டாலும் முனகுகிறது. ஒரு பொத்தான் வைக்கலாமா?

பொத்தான் வைப்பது அவசரத்துக்கு உதவும். ஆனால் மௌனத்துக்குப் பொத்தான் தேவைப்படுகிறது என்றால் மேப்பிங்கில் ஏதோ தவறு இருக்கிறது. தொடாத கருவிகளுக்கு உள்ள பெரிய சிக்கல் இது: கை எப்போதும் எங்காவது இருக்கும், அதனால் சென்சார் எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும். வாசிப்பதற்காக அசைக்கும் கைக்கும் மூக்கைச் சொறியும் கைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது.

ஒரு முறை முப்பது பேர் முன்னால் ஒரு கையுறைக் கருவியை வாசித்துக்கொண்டிருந்தேன். மெல்ல அடங்கிவரும் ஒரு பகுதி. நழுவிய கண்ணாடியை மேலேற்ற இடது கையைத் தூக்கினேன். அந்தக் கையுறை அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு மேல் ஸ்தாயியில் கத்தியது. அன்றைக்குப் பிறகு எந்தக் கருவி செய்தாலும் முதல் சோதனை ஒன்றுதான்: கருவியை மாட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்க முடிகிறதா?

இதற்கு வழிகள் உண்டு. மேலே சொன்ன ஆற்றல் தொட்டி ஒன்று. அசைவு நின்றால் ஒலி தானாக வடியும். ஒரு விரல் தொட்டிருக்கும்போது மட்டுமே கருவி விழித்திருக்கும்படி செய்வது இன்னொன்று. காரில் கிளட்ச் மாதிரி அது. மூன்றாவது வழி, கை தொங்கும் இயல்பான நிலையை மௌனத்துக்கு ஒதுக்குவது. இது உடலுக்கும் ஓய்வு. எதைத் தேர்ந்தாலும் மௌனத்துக்குள் நுழையும் எல்லையும் வெளியேறும் எல்லையும் ஒரே எண்ணாக இருக்கக் கூடாது. 0.2-க்கு மேல் போனால் ஒலி தொடங்கட்டும், 0.1-க்குக் கீழ் வந்தால்தான் நிற்கட்டும். இரண்டுக்கும் இடைவெளி இல்லையென்றால் எல்லையில் நிற்கும் கை ஒலியைத் துடிதுடிக்க வைத்துவிடும்.

தாமதம் எவ்வளவு வரை பரவாயில்லை?

டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2002-இல் எழுதிய கட்டுரையில் வைத்த அளவுகோலை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்: அசைவிலிருந்து ஒலி வரை 10 மில்லிநொடிக்குள், அதில் ஏற்ற இறக்கம் 1 மில்லிநொடிக்குள். காற்றில் ஒலி 10 மில்லிநொடியில் ஏறக்குறைய 3.4 மீட்டர் பயணிக்கும். அவ்வளவு தள்ளி ஸ்பீக்கரை வைத்தால் அந்த அளவு தாமதம் அங்கேயே கூடிவிடும். தொடர்ந்து இழையும் ஒலிகளில் 20, 30 கூடத் தாங்கும். தாள வாசிப்பில் தாங்காது.

நடைமுறையில் தாமதம் ஒரே இடத்தில் சேர்வதில்லை. நொடிக்கு 100 முறை படிக்கும் சென்சாரில் 10 மில்லிநொடி வரை, பரவலாக உள்ள குறைந்த ஆற்றல் ப்ளூடூத்தில் மிகக் குறைந்த இணைப்பு இடைவெளியே 7.5, 44,100 ஹெர்ட்ஸில் 256 மாதிரி பஃபருக்கு (ஒலியை வெளியே அனுப்புமுன் கணினி சேர்த்துவைக்கும் தொகுப்பு) 5.8. ஃபில்டர் வேறு. கூட்டிப் பாருங்கள், எல்லை தாண்டிவிட்டது. கம்பி வழி இணைத்து, சென்சாரை நொடிக்கு 500 முறை படித்து, பஃபரை 64 மாதிரிக்குக் குறைத்தால் சுலபமாக உள்ளே வந்துவிடலாம். கம்பி அழகைக் கெடுக்கும் என்று தோன்றும். முதல் வருடம் கம்பியோடு வாசியுங்கள்.

சராசரித் தாமதத்தைவிட மாறிக்கொண்டே இருக்கும் தாமதம் மோசமானது. நிலையான தாமதத்துக்குக் கை தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஒரு அடி 5-லும் அடுத்தது 25-லும் வந்தால் எதற்குப் பழகுவது?

காற்றில் தட்டினால் தாள ஒலி வர வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி வருகிறதே?

கை வீசி நிற்கும் இடத்தில் முடுக்கம் ஒரு உச்சத்தைத் தொட்டு, எதிர்த்திசையில் ஒருமுறை குதிக்கும். அந்த இரண்டாவது குதியலைத்தான் கருவி இன்னொரு தட்டாக எடுத்துக்கொள்கிறது. ஒரு தட்டு பதிவானதும் அடுத்த 80 மில்லிநொடி வரை எதையும் ஏற்காதே என்று சொல்லிவிடுங்கள். உச்சம் வந்துவிட்டதை உறுதிசெய்ய அதற்கடுத்த எண்ணும் வர வேண்டும் என்பதால் தாமதம் கூடும். ஆகவே உச்சம் வரை காத்திருக்காமல், எல்லையைத் தாண்டிய உடனே ஒலியைத் தொடங்கி, அதன் பலத்தை அடுத்த சில மில்லிநொடிகளில் சரிசெய்வது நல்லது.

மிடி போதுமா?

மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசும் பொது நெறிமுறை. ஒலியைத் தொடங்கவும் நிறுத்தவும் அது போதும். நுணுக்கத்துக்குப் போதாது. 1983-இல் வந்த மிடியின் சாதாரணக் கட்டுப்பாட்டு எண் 0 முதல் 127 வரைதான். நான்கு ஸ்தாயியை அந்த 127 படிகளில் நீட்டினால் ஒரு படிக்கு ஏறத்தாழ 38 சென்ட். அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கை வழுக்கிப் போகும்போது ஏணியில் ஏறுவது போலக் கேட்கும். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் 14 பிட், 16,384 படி, அது பரவாயில்லை. 1997-இல் பெர்க்லியில் உருவான ஓபன் சவுண்ட் கன்ட்ரோல் என்ற நெறிமுறை தசம எண்களையே நேராக அனுப்பும், பெயரும் நாமே வைக்கலாம். சோதனைக் கருவிக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருதி சரியாக நிற்பதில்லை. ஸ்வரங்களுக்குப் படி வைத்துவிடலாமா?

முழுக்கப் படி வைத்தால் சுருதி சுத்தமாக இருக்கும். கமகமும் ஜாருவும் போய்விடும். ஸ்வரங்களுக்கு நடுவே நடப்பதை வாசிக்க முடியாத கருவியைக் காற்றில் வாசிப்பதில் என்ன இருக்கிறது? காந்தம் போல இழுக்கும் ஒரு நடுவழி உண்டு: கை மெதுவாகவோ நிலையாகவோ இருக்கும்போது அருகிலுள்ள ஸ்வரத்தை நோக்கி சுருதி மென்மையாகச் சாயட்டும், கை வேகமாக நகரும்போது இழுப்பு விலகட்டும். ஸ்வரத்தை லேசாக அசைக்கும் விப்ராட்டோ நொடிக்கு 5 முதல் 7 முறை நடக்கும், அதற்குள் இழுப்பு குறுக்கிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இழுப்பின் பலத்தை ஒரு திருகியில் வைத்துவிட்டால், பயிற்சி கூடக் கூட அதைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

எந்த மென்பொருள்?

ஒலிக்கு ப்யூர் டேட்டா அல்லது சூப்பர்கொலைடர், இரண்டும் இலவசம். படம் வரைவது போல இணைக்கப் பிடிக்குமென்றால் முதலாவது, எழுதப் பிடிக்குமென்றால் இரண்டாவது. இதில் அதிகம் யோசிக்க வேண்டாம்.

இயந்திரக் கற்றலைக் கொண்டு சைகைகளை அடையாளம் காணச் செய்யலாமா?

செய்யலாம். ரெபெக்கா ஃபீப்ரிங்க் 2009-இல் வெளியிட்ட வெகினேட்டர் போன்ற கருவிகள் இதற்காகவே இருக்கின்றன: கையை ஒரு நிலையில் வைத்து "இதற்கு இந்த ஒலி" என்று சில எடுத்துக்காட்டுகள் காட்டினால் நடுவில் உள்ளவற்றை அது நிரப்பிக்கொள்ளும். பின்னிப் பிணைந்த மேப்பிங்கைக் கணக்கெழுதாமல் விரைவாகச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் "வட்டம் போட்டால் இந்த ராகத் துணுக்கு, கையைத் தட்டினால் அந்தத் துணுக்கு" என்று சைகைகளை வகைப்படுத்துவதில் எனக்கு ஆர்வம் இல்லை. வட்டம் முடிந்த பிறகுதான் அது வட்டம் என்று தெரியும். அதற்குள் நேரம் போய்விடும். வட்டத்தை எவ்வளவு தயங்கி, எவ்வளவு ஆவேசமாகப் போட்டீர்கள் என்பதெல்லாம் தூக்கி எறியப்படும். அந்தத் தயக்கமும் ஆவேசமும்தான் இசை.

பதினைந்து நிமிடம் வாசித்தால் தோள் இறங்கிவிடுகிறது.

கை நெஞ்சுக்கு மேல் உயர்ந்தே இருக்க வேண்டிய கருவியை யாராலும் நெடுநேரம் வாசிக்க முடியாது. முழங்கை விலாவை ஒட்டி இருக்கும் நிலையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பெரும்பாலான வாசிப்பை மணிக்கட்டுக்கும் விரலுக்கும் கொடுங்கள். தோளிலிருந்து எழும் பெரிய வீச்சை உச்சத்துக்காகச் சேமித்து வையுங்கள். வலி இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பார்ப்பவர்கள், "இது முன்பே பதிவு செய்ததா?" என்று கேட்கிறார்கள்.

வாசிப்பின் உழைப்பு அவர்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். பெரிய வீச்சுக்குப் பெரிய ஒலியும் சிறிய அசைவுக்குச் சிறிய ஒலியும் வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நிகழ்ச்சியின் முதல் இரண்டு நிமிடம் ஒரே ஒரு ஒலியை ஒரே ஒரு அசைவால் வாசியுங்கள். நிறுத்துங்கள். மறுபடி தொடங்குங்கள். அந்தத் தொடர்பு ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பிறகு எவ்வளவு சிக்கலாக வாசித்தாலும் கூடவே வருவார்கள்.

கருவி எப்போது முடிந்தது என்று வைத்துக்கொள்வது?

நீங்கள் ஒரு தேதி குறிக்கும் அன்றைக்கு. நிரலை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்பதால் பயிற்சியில் ஒரு இடம் கஷ்டமாக வந்ததும் கை மடிக்கணினியைத் தேடும். இப்படியே போனால் நீங்கள் கற்கும் வேகத்தைவிடக் கருவி மாறும் வேகம் அதிகமாகிவிடும். டச்சு இசைக்கலைஞர் மிஷெல் வைஸ்விஸ் 1984-இல் ஆம்ஸ்டர்டாமில் 'தி ஹேண்ட்ஸ்' என்ற தன் கைக்கருவியை மேடையேற்றினார். 2008-இல் மறையும் வரை, சில பதிப்புகள் மாறினாலும், அதையே வாசித்தார். அவருடைய வாசிப்பைப் பார்த்தால் சென்சார் எதுவும் நினைவுக்கு வராது, ஒரு மனிதர் ஒலியைப் பிசைகிறார் என்றுதான் தோன்றும்.

என் வழக்கம்: மூன்று மாதம் நிரலைத் தொடுவதில்லை. தினமும் அரை மணி நேரம் வாசிப்பு. மாற்றத் தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பட்டியலில் முக்கால்வாசி தேவையற்றதாகிவிட்டிருக்கும், கை கற்றுக்கொண்டிருக்கும். மிச்சம் இருப்பதை மட்டும் மாற்றுகிறேன்.

மேடையேறும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

வாசிக்கப் போகும் இடத்திலேயே, வாசிக்கப் போகும் உடையில், சென்சார்களின் கீழ், மேல் எல்லைகளை மறுபடி பதிவு செய்யுங்கள். சில வகை மேடை விளக்குகளில் அகச்சிவப்பு நிறைய இருக்கும், ஒளி சென்சாரும் கேமராவும் அதில் தடுமாறலாம். விளக்குகளை எரியவிட்டுச் சோதியுங்கள். மின்தேக்க ஆன்டெனா என்றால் பக்கத்தில் யார் நிற்கப் போகிறார்கள் என்பதும் சுருதியை மாற்றும், எனவே அவர்களையும் நிற்க வைத்து சுருதி சேருங்கள். கம்பியில்லாத இணைப்பு வெறும் அரங்கில் நன்றாக ஓடும். நூறு கைபேசிகள் உள்ளே வந்ததும் திணறலாம், ஒரு கம்பியைப் பையில் வைத்திருங்கள். லித்தியம் பேட்டரியை உடம்போடு கட்டுவதாக இருந்தால் வளையாத உறைக்குள் வையுங்கள். ஒலிச் சங்கிலியின் கடைசியில், ஒலியை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத ஒரு லிமிட்டர் கட்டாயம்: சென்சார் கம்பி அறுந்தால் எண் உச்சத்துக்குத் தாவக்கூடும், முன்வரிசையில் இருப்பவர்களின் காதுகள் உங்கள் பொறுப்பு. எல்லாம் முடிந்ததும் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு அரை நிமிடம் சும்மா நில்லுங்கள். ஸ்பீக்கரில் எதுவும் கேட்கக் கூடாது.